பேர்க்லியில் மூடப்பட்ட கதவு

2017 மார்ச் மாதத்தில் ஓரிரவு, வெளிநாட்டுச் செய்திகளைத் தெரிவுசெய்து கொண்டிருந்தபோது ஒரு செய்தியை இரண்டு தடவை வாசித்தேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பேர்க்லி பல்கலைக்கழகம், உலகில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியதாக இணையத்தில் இட்டிருந்த 20,000 க்கும் மேற்பட்ட விரிவுரைப் பதிவுகளைப் பொதுமக்களின் பார்வையிலிருந்து அகற்றப்போவதாக அறிவித்திருந்தது. செவிப்புலனற்றோர் செய்த முறைப்பாடே இதற்குக் காரணம் எனப் பலர் கோபத்துடன் எழுதினர். நானும் அன்று அப்படித்தான் எண்ணினேன். வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் படித்தபோதுதான் அந்த எண்ணம் பிழையென விளங்கியது.

அதே பேர்க்லிக்கு 1962 ஆம் ஆண்டில் எட் ரொபேர்ட்ஸ் என்ற இளைஞர் மாணவராக வந்தார். 14 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் செயலிழந்தவர். இரவில் 'இரும்பு நுரையீரல்' என்ற இயந்திரத்துக்குள் படுத்தே சுவாசிக்க வேண்டியவர். அந்த இயந்திரத்தை வைக்க மாணவர் விடுதிகளில் வசதி இருக்கவில்லை. எனவே பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஓர் அறையே அவருக்கு விடுதியாயிற்று. அவரைத் தொடர்ந்து வேறு மாணவர்களும் சக்கர நாற்காலிகளில் வந்தனர். அவர்களது முயற்சியின் தொடர்ச்சியாக 1972 இல் பேர்க்லியில் 'சுதந்திர வாழ்வு நிலையம்' உருவாயிற்று.

மத்திய அரசின் நிதியைப் பெறும் நிறுவனங்கள் உடற்குறைபாட்டைக் காட்டி எவரையும் ஒதுக்கலாகாது என 1973 ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகள் ஆண்டுக்கணக்கில் கையொப்பமிடப்படாமல் கிடந்தன. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் அரச கட்டடமொன்றுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மூன்று வாரங்களுக்கு மேலாக அமர்ந்திருந்த பின்னரே அவை கையொப்பமாயின. அமர்ந்திருந்தவர்களிற் பலர் பேர்க்லியிலிருந்து சென்றவர்கள். 1990 இல் இன்னும் விரிவான சட்டமொன்றும் வந்தது.

வாசகர்கள் இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். பேர்க்லியின் விரிவுரைகள் இணையத்துக்கு வந்தது இவற்றுக்கெல்லாம் பின்னரே. சட்டம் முன்னரே இருந்தது. இணையப் பக்கங்கள் எவ்வாறு அமையவேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டலும் 1999 இலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் பல காணொளிகளுக்குச் சரியான எழுத்து வரிகள் இல்லை. சில ஆவணங்களை விழிப்புலனற்றோரின் திரைவாசிப்பு மென்பொருள்களால் வாசிக்க முடியவில்லை. 2016 ஓகஸ்டில் அமெரிக்க நீதித் திணைக்களம் இதனைச் சுட்டிக்காட்டியபோது, திருத்துவதற்குச் செலவு பெரிதென்று பல்கலைக்கழகம் கூறியது. படிகளை மட்டும் வைத்து மாளிகை கட்டியவர், சக்கர நாற்காலியில் ஒருவர் வந்ததும் மாளிகையையே பூட்டியதைப் போன்றது இது. பழி மட்டும் வந்தவர் மீது விழுந்தது.

பூட்டுவது ஒன்றே வழியல்ல என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின. 2015 பெப்ரவரியில் இதே குறைக்காகச் செவிப்புலனற்றோரின் தேசிய சங்கம் ஹாவார்ட், எம்.ஐ.ரி. ஆகிய இரு நிறுவனங்களுக்கும் எதிராக வழக்குத் தொடுத்தது. 2019 இல் ஹாவார்டும் 2020 இல் எம்.ஐ.ரி.யும் எழுத்து வரிகளை வழங்க இணங்கின. 2022 நவம்பரில் பேர்க்லியும் தனது இணைய உள்ளடக்கத்தைச் சீர்செய்ய நீதித் திணைக்களத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது.

இதனை எழுதும்போது எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. பல ஆண்டுகளாக நான் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்தேன். அதில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளை. நமது கண்ணுக்கு மட்டுமே அவை தமிழாகத் தோன்றும். திரைவாசிப்பு மென்பொருளோ அவற்றைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே ஒலிக்கும். இரு விழிப்புலனற்ற அவுஸ்திரேலியர்கள் 2006 இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் இன்று யுனிக்கோட் தமிழை வாசிக்கின்றது. ஆனால் பாமினியில் தயாரித்த விரிவுரைக் குறிப்பொன்றைப் பெறும் விழிப்புலனற்ற மாணவனுக்கு அதனால் பயனில்லை.

பேர்க்லி செய்த பிழையைக் குறைகூறுவது இலகு. நமது பழைய கோப்புகளை யுனிக்கோட்டுக்கு மாற்றுவது அதைவிடச் சற்றுக் கடினம். ஆனால் அது நமது கையிலேயே உள்ளது. எனது பழைய கட்டுரைகளிலிருந்து நான் தொடங்கியிருக்கிறேன்.