கைச் சைகையிலிருந்து மின்னும் விளக்கு வரை

சேலத்திலிருந்து ஏர்க்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் சாலை 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. ஏர்க்காடு ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் கிளியூர் அருவி இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழியும் நீர் இங்கே சுமார் 300 அடி கீழே விழுகிறது. அருவி அழகாக இருக்கும் அந்த மாதங்களில்தான் மேகமும் தரையைத் தொடுகிறது. அப்போது முன்னே செல்லும் காரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் இரண்டு சிவப்புப் புள்ளிகளே. அவற்றுள் ஒன்று அணைந்திருந்தால் காரை மோட்டார் சைக்கிள் என்று எண்ணிவிடுவோம். இரண்டுமே அணைந்திருந்தால் சாலை காலியாக இருப்பதாக எண்ணிவிடுவோம்.

சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பல்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தவருக்குப் பல்பை வீட்டிலேயே மாற்றுவது எளிய வேலை.

எண்ணெயும் கார்பைடும்

முதன்முதலில் வந்த கார்களில் மின்விளக்கு இல்லை. பின்னால் மண்ணெண்ணெய் விளக்கு; முன்னால் கார்பைடின்மீது நீர் சொட்டச்செய்து பெறும் அசிட்டிலீன் வாயு விளக்கு. எடிசனும் சுவானும் 1879ஆம் ஆண்டு வாக்கிலேயே கரி இழை விளக்கைச் செய்துவிட்டனர். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் அந்த இழை அதிர்ச்சி தாங்காமல் ஒடிந்துவிடும். 1910இல் அமெரிக்கப் பொறியியலாளர் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தை மெல்லிய கம்பியாக நீட்டும் முறையைக் கண்டார். 1913இல் லாங்மியூர் பல்புக்குள் மந்த வாயுவை நிரப்பி இழையின் ஆயுளைக் கூட்டினார். 1912இல் காடிலாக் கார் மின்சாரத்தால் எஞ்சினை இயக்கும் அமைப்புடனும் மின்விளக்குகளுடனும் வெளிவந்தது. பின்விளக்கு மின்விளக்காவதற்கு இவை யாவும் வழிவகுத்தன.

கை நீட்டிய காலம்

திரும்பப் போவதை அறிவிக்க நெடுங்காலம் ஓட்டுநரின் வலக்கையே பயன்பட்டது. வலப்பக்கம் திரும்பக் கையை வெளியே நீட்ட வேண்டும்; இடப்பக்கம் திரும்ப நீட்டிய கையைச் சுழற்றிக் காட்ட வேண்டும். இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய சைகைகளைக் கட்டாயமாக்கியது. கைக்குப் பதிலாக இயந்திர அல்லது மின் கருவியைப் பயன்படுத்தவும் அது இடமளித்தது. இரவிலும் மூடுபனியிலும் கையைக் காண்பவர் யார்?

கைக்கு மாற்றாக முதலில் வந்ததும் ஒரு கைதான்! மௌனப்பட நடிகை பிளாரன்ஸ் லாரன்ஸ் 1914இல் தம் காருக்குச் சைகைக் கரம் ஒன்றை அமைத்தார். பின்னர் மின்காந்தத்தால் காரின் பக்கவாட்டிலிருந்து எழும் சிறு ஒளிக்கரங்கள் ஐரோப்பியக் கார்களில் பரவின. ரயில்வே கைகாட்டியின் குட்டி போன்ற இக்கரத்துக்குள் ஒரு சிறு பல்பு எரியும். நம் நாட்டிலும் ஓடிய மாரிஸ் மைனர் கார் 1961 வரை இக்கரங்களுடனேயே வெளிவந்தது. மின்னும் விளக்கை 1939இல் பியூக் நிறுவனம் தன் கார்களின் பின்புறத்தில் பொருத்தியது.

விளக்கை மின்னச் செய்தது எளிய பௌதிகமே. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகட்டின் வழியே மின்னோட்டம் செல்லும்; தகடு சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும்; குளிர்ந்ததும் மீண்டும் இணைக்கும். ஒரு பல்பு பழுதானால் மின்னோட்டம் குறைந்து தாளம் தவறும். பின்னர் வந்த மின்னணு பிளாஷர்களில் தாளம் வேகமாகும். இந்திய விதிகளின்படி இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் மின்ன வேண்டும். திடீரென அது விரைந்து துடித்தால், ஏதோ ஒரு மூலையில் பல்பு எரியவில்லை என்று பொருள்.

சிவப்பு ஏன்?

சிவப்பொளி மூடுபனியை ஊடுருவும் என்று பலரும் சொல்வார்கள். மலை மேகத்துக்கு இது பொருந்தாது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும் என்பது உண்மை. ஆனால் மூடுபனித் துளியின் குறுக்களவு ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். சிவப்பொளியின் அலைநீளமோ சுமார் 0.65 மைக்ரோமீட்டர். துளி இவ்வளவு பெரிதாயிருந்தால் எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறும். சிவப்பு ஏற்கெனவே ரயில்வேயில் அபாயக் குறியாக இருந்தது. டங்ஸ்டன் ஒளியில் சிவப்பு மிகுதி என்பதும் வசதியாயிற்று. ஆகவே நிறத்தை நம்பி நெருங்கிச் செல்வதில் பயனில்லை. பல்பு முழு ஒளியுடன் எரிய வேண்டும், இடைவெளியும் வேண்டும்.

பல்பைக் கையில் எடுத்தால்

பல கார்களில் பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்பு; உள்ளே இரண்டு இழைகள். 5 வாட் இழை எப்போதும் எரியும். பிரேக்கை மிதித்தால் 21 வாட் இழையும் சேரும். வீட்டுப் பல்பின் இரு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்கும். இதில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும். இழைகள் மாறிப் பொருந்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆகவே பல்பு நுழையவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம். அரைச் சுற்றுத் திருப்பிப் பாருங்கள்.

விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்து, பல்பு ஆறும்வரை காத்திருங்கள். மூடியின் திருகுகளைக் கழற்றி, பல்பை மெல்ல அழுத்தி இடப்பக்கமாகத் திருப்பினால் வெளிவரும். கண்ணாடி கறுத்திருந்தாலோ இழை அறுந்திருந்தாலோ அதே வோல்ட், அதே வாட் உள்ள பல்பையே போடுங்கள். ஏர்க்காடு போன்ற ஈரமான இடங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிடியிலுள்ள துரு. துருவின் தடையால் 12 வோல்ட் 10.8 வோல்ட்டாகக் குறைந்தால், குறைவு 10 விழுக்காடுதான். ஆனால் இழை விளக்கின் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். எனவே பிடியை உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். மூடியின் ரப்பர் பட்டை வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

இன்று எல்.இ.டி. விளக்குகள் பரவிவிட்டன. டங்ஸ்டன் இழை முழு ஒளி பெற ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும்; எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் கார் அந்த 0.2 வினாடியில் 1.7 மீட்டர் ஓடிவிடும். கொண்டை ஊசி வளைவில் அது சிறிய தொலைவன்று. ஆனால் எவ்விளக்கானாலும் அது எரிகிறதா என்பதை ஓட்டுபவர் தம் இருக்கையிலிருந்து காண முடியாது. மலையேறுமுன் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஆள் இல்லையென்றால், இருட்டியபின் காரின் பின்புறத்தை ஒரு வெள்ளைச் சுவருக்கு நேரே நிறுத்துங்கள். சுவரில் விழும் ஒளியே விடை சொல்லிவிடும்.