உறைமோர்: தோட்டத் தமிழர் வாழ்வில் ஒரு பானத்தின் வரலாறு

மலாய் மொழி அகராதியில் 'தைரு' என்று ஒரு சொல் உண்டு. புளித்து இறுகிய பால் என்பது அதன் பொருள். நம் தயிரே அங்ஙனம் உருமாறி அம்மொழியில் குடியேறியிருக்கிறது. அதே பொருளுக்கு மலாய் மக்களிடம் 'டாடிஹ்' என்னும் பழைய சொல் முன்பே இருந்தது. அது வடமொழியின் 'ததி'யிலிருந்து வந்தது. மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் எருமைப்பாலை மூங்கிற் குழாயில் ஊற்றிப் புளிக்கவைத்து, அதனை இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றனர். சொல் ஒன்று இருக்கும்போதே மற்றொரு சொல் வந்து நிலைபெற வேண்டுமாயின், அச்சொல்லுக்குரிய பொருளும் அதனைச் செய்வோரும் கண்ணெதிரே வாழ்ந்திருத்தல் வேண்டும். மலாயாவுக்கு வந்த தமிழர் தயிரையும் மோரையும் இம்மண்ணில் எவ்வாறு நிலைநாட்டினர், பின்னர் எவ்வாறு அவற்றை இழந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லும் செயலும்

பாலைப் புளிக்கவைக்கும் கலைக்குத் தமிழில் விரிவான சொல்வளம் உண்டு. உறை, பிரை, தோய்த்தல், கடைதல், மத்து, உறி, அளை, மோர், நீர்மோர் என அது நீளும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, விடியலில் மோர்ப்பானையைச் சுமந்து சென்று விற்று, கிடைத்த தானியத்தால் சுற்றத்தை உண்பிக்கும் ஆயர்குலப் பெண்ணைக் காட்டுகிறது. அவள் நெய்க்கு விலையாகப் பொன்னை ஏற்காமல், கறவையையும் கன்றையும் பெற்றுக்கொள்கிறாள். செல்வத்தின் ஊற்று மாடே என்பது அவளுக்குத் தெரியும். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையிலோ, குடத்துப் பால் உறையாமற்போனது வரவிருக்கும் கேட்டின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. பால் உறைவது அன்றாட வாழ்வின் ஒழுங்கு. உறையாமை அவ்வொழுங்கின் முறிவு.

இவ்வொழுங்கின் உட்பொருளை அறிவியல் பிற்காலத்தில் விளக்கியது. காய்ச்சி இளஞ்சூடாக ஆறிய பாலில் முன்னாள் மோரைச் சிறிது விட்டால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையாகிய லாக்டோசின் ஒரு பகுதியை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் மிகும்போது பாலின் புரதம் இறுகித் தயிராகிறது; கெடுக்கும் கிருமிகள் பல அப்புளிப்பில் வளர இயலா. குளிர்ப்பெட்டி இல்லாத வெப்ப நாட்டில், கறந்த பாலை மறுநாளும் பயன்படுமாறு காத்த முறை இது. ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி அடுத்த நாளுக்காக எடுத்து வைக்கப்பட்டது. அந்தக் கரண்டியே உறைமோர்.

பாகான் டத்தோவின் கறவைகள்

பேராக் ஆறு கடலோடு கலக்கும் தென்கரையில் அமைந்தது பாகான் டத்தோ. 2017இல் பேராக் மாநிலத்தின் தனி மாவட்டமாக உயர்ந்த இப்பகுதி, தென்னைக்குப் பெயர்பெற்றது. தாழ்ந்த கடலோரச் சேற்றுநிலத்தில் கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, தென்னையும் ரப்பரும் நட்டு உருவாக்கிய தோட்டங்கள் இங்கே பல. டென்மார்க்கைச் சேர்ந்த ஏஜ் வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ஜெண்டராத்தா அவற்றுள் ஒன்று. கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இத்தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். கூலித் தொழிலாளர் மலாயாவுக்கு அனுப்பப்படுவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை அவ்வருகை தொடர்ந்தது.

வந்தவர்கள் இயன்ற இடங்களிலெல்லாம் மாடு வளர்த்தனர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மாடுகளின் வழித்தோன்றல்கள் இன்றும் மலேசியக் கால்நடை நூல்களில் 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' என்று தனி இனமாகக் குறிக்கப்படுகின்றன. ஒரு தொழிலாளர் சமூகத்தின் குடியேற்றம் ஒரு கால்நடை இனத்தின் பெயரிலேயே பதிவாகியிருப்பது எண்ணத்தக்கது. தோட்டத்துக் குடும்பத்துக்கு மாடு கூலிக்கு அப்பாற்பட்ட ஒரே சொத்தாக விளங்கியது. விற்றது போக எஞ்சிய பால் உறைந்து தயிராயிற்று; தயிர் நீரும் உப்பும் சேர்ந்து மோராயிற்று. வெயிலில் உழைத்துத் திரும்பியவர்க்கு அது நீரும் உப்பும் புரதமும் ஒருங்கே தந்தது. பழைய சோற்றோடு அதுவே காலை உணவாகவும் நின்றது.

டின்பாலின் வருகை

அதே காலத்தில் வேறொரு பாலும் மலாயாவுக்குள் வந்தது. ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்ட் மில்க் நிறுவனத்தின் பெயரில் நெஸ்லே 1912இல் பினாங்கில் வாணிகம் தொடங்கியது. 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை நிறுவியது. எடையில் ஏறத்தாழப் பாதி சீனியாக இருக்கும் இப்பால் மாதக்கணக்கில் கெடாது. கடையில் கடனாகவும் கிடைக்கும். மாடு இல்லாதவர்க்கும் உரியது. ஆகவே பரவியது. குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக அதனை ஊட்டியதால் விளைந்த மரணங்களைக் கண்ட மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் ஆற்றிய உரை பொதுச் சுகாதார வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

1960களிலிருந்து ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின. லயங்களை விட்டுக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தன. அங்கே மாட்டுக்கு இடமில்லை. மோரை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. அதனைத் தந்த கறவை முதலில் போயிற்று, உறைமோர் வைக்கும் வழக்கம் அதன்பின் போயிற்று. அந்த வெற்றிடத்தில் தே தாரிக் குவளையும் வண்ணச் சர்பத்தும் வந்து அமர்ந்தன. டின்னுக்குள் இருந்த பாற்கொழுப்பும் பிற்காலத்தில் பெரும்பாலும் செம்பனை எண்ணெயாக மாறி, 'இனிப்புக் கிரீமர்' எனப் பெயர் பெற்றது.

புட்டியில் திரும்பிய புளிப்பு

நாம் கைவிட்டுக்கொண்டிருந்த பொருளை உலகம் அப்பொழுது ஆராய்ந்துகொண்டிருந்தது. பல்கேரிய மாணவர் ஸ்தாமென் கிரிகோரோவ் 1905இல் ஜெனிவாவில் தயிரின் நுண்ணுயிரை இனங்கண்டார். 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ், புளித்த பால் முதுமையைத் தள்ளிப்போடும் என்று பாரிசிலிருந்து எழுதினார். அந்நுண்ணுயிர் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஜப்பானில் மினோரு சிரோட்டா 1930இல் வேறொரு நுண்ணுயிரைத் தேர்ந்து வளர்த்தார். 1935இல் அது 'யாக்குல்ட்' என்னும் பானமாயிற்று. 2004இல் மலேசியச் சந்தைக்கும் வந்தது. இன்று நம் கடைகளில் பல நிறுவனங்களின் புளித்த பால் பானங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றில் புளிப்பை மறைக்கச் சீனி சேர்க்கப்படுகிறது. சீனி குறைத்த வகைகளும் உண்டு.

இவ்வேறுபாடு நமக்கு ஏன் முதன்மையானது? 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் பிற பெரிய இனத்தாரைவிட மிகுதி. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி கொண்ட இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரியை அரசு விதித்தது.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கூடுதலாகச் சேரும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரை. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி சேர்த்த பானம் 125 மில்லிலிட்டர் அருந்தினால் 12.5 கிராம், அதாவது அவ்வளவில் பாதி, உடலுள் சென்றுவிடும். வீட்டுத் தயிர் ஒரு பங்கும் நீர் மூன்று பங்கும் சேர்ந்த மோரிலோ, 100 மில்லிலிட்டருக்குப் பாலின் இயல்பான சர்க்கரை ஏறத்தாழ ஒரு கிராமே இருக்கும். சேர்த்த சீனி அறவே இல்லை.

மோரை மருந்தாக்கிப் பேசுவதும் தவறு. அது நீரிழிவைத் தீர்க்காது. ஆயினும் உயிருள்ள தயிர் நுண்ணுயிர்கள், பாற்சர்க்கரை செரியாதவர்க்கு அதனைச் செரிக்க உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. வளர்ந்த ஆசியருட் பெரும்பாலோர்க்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவாதலின், இச்செய்தி நமக்கு நேரே பொருந்துவது. நுண்ணுயிர் குடலில் தங்காதாகையால் சிறு அளவே ஆயினும் நாள்தோறும் அருந்துவது பொருத்தம். கொதிக்கவைத்த மோர்க்குழம்பில் அவை உயிரோடிரா. இரத்த அழுத்தம் உடையோர் உப்பைக் குறைத்து, சீரகமும் இஞ்சியும் கறிவேப்பிலையும் கொண்டு சுவை கூட்டலாம். புட்டிப் பானத்தை விரும்புவோர், விளம்பர வாசகத்தை விட்டு, ஊட்டச்சத்து அட்டவணையில் சீனியின் அளவைப் படித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குள் கொண்டுசெல்ல இயலும். ஒரு குவளைப் பாலும் ஒரு கரண்டி உறைமோரும் இருந்தால் அறிவியல் பாடம் ஓர் இரவில் நடந்தேறும். உறை, பிரை, தோய்த்தல் என்னும் சொற்களை மாணவர் அகராதியில் தேடுமுன் கையால் அறிந்துகொள்வர். பாட்டியிடம் சென்று, உங்கள் லயத்தில் யார் வீட்டில் மாடு இருந்தது, உறைமோர் தீர்ந்தால் யாரிடம் வாங்குவீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொன்னால், எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத தோட்ட வரலாறு ஒன்று ஏட்டில் ஏறும். அதனைச் சொல்லக்கூடிய தலைமுறை முதிர்ந்துகொண்டிருக்கிறது. இப்பணிக்கு நமக்குள்ள காலம் குறுகியது.