கலப்பை வந்த வழி

கணினித் தமிழின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குறியேற்றங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு, தமிழ்99 விசைப்பலகை, டாப், டாம் தரங்கள், இணையக் குழுக்களில் வளர்ந்த திஸ்கி, இறுதியில் நிலைபெற்ற ஒருங்குறி என்று அது நீளும். இவை அறிஞர் அவையில் நடந்த வழக்குகள். கணினி நுட்பம் கல்லாத தமிழாசிரியரும் கடைக்காரரும் கவிஞரும் திரையில் முதல் வரியை எழுதியது எவ்வாறு என்பது வேறொரு வரலாறு.

2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழ் இருந்தது. ஆனால் அது உறங்கிக் கிடந்தது. அதை எழுப்ப மொழி அமைப்புகளுக்குள் நுழைந்து, உரிய கட்டத்தைக் குறியிட்டு, மூல வட்டைச் செருக வேண்டும். இணைய மையத்தில் மணிக் கணக்கில் காசு கொடுத்து அமர்ந்தவரிடம் அந்த வட்டு ஏது? மறுபுறம், தன்னார்வலர்கள் கேடிஇ பணிமேடையைத் தமிழாக்கி லினக்சுக்கு அளித்திருந்தனர். உரிமத்தில் முழு விடுதலை. ஆயினும் அதை நிறுவ வன்தட்டைப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் முகுந்தராஜும் 'தமிழா' குழுவினரும் இ-கலப்பையைக் கொண்டுவந்தனர். அதன் அருமை கண்டுபிடிப்பில் இல்லை, கட்டித் தந்த விதத்தில் இருக்கிறது. ஒலிப்புமுறைத் தட்டச்சை முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் முன்பே பழக்கியிருந்தது. விசைகளை எழுத்தாக்கும் பொறி கீமேனுடையது. இவற்றை ஒரே நிறுவியாக்கி, ஆல்ட் விசையுடன் ஓர் எண்ணைத் தட்டினால் தமிழ், மற்றோர் எண்ணைத் தட்டினால் ஆங்கிலம் என்று எளிமையாக்கினர். பெயரும் 'உள்ளீட்டு மேலாண்மை' என்பதுபோல் அச்சுறுத்தவில்லை; உழவன் வீட்டுப் பொருளாக இருந்தது. தமிழ் வலைப்பதிவுகளின் முதல் தலைமுறையில் பலர் இக்கலப்பை பிடித்தே உழுதனர்.

ஒரு நெருடலும் உண்டு. கீமேன் அந்நாளில் கட்டற்ற மென்பொருள் அன்று. விலையின்றிக் கிடைத்த கலப்பையின் கொழு பிறருடையது. பயனருக்கு எளிமை முதலில் கிட்டியது, விடுதலை பிறகே வந்தது. இ-கலப்பையின் 3.0 பதிப்பு சொந்தப் பொறியுடன் குனூ பொது உரிமத்தில் வெளியாயிற்று. கீமேனும் 2015-இல் எஸ்.ஐ.எல். அமைப்பின் கைக்குச் சென்று, பின்னர்த் திறமூலமாயிற்று.

அரசின் வழி வேறு. 2005 ஏப்ரலில் நடுவண் அரசு தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் குறுவட்டில் இட்டு இலவசமாக வழங்கியது. 2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. பொருள் கைக்கு வந்தது. அதைத் திறந்து காட்ட அருகில் ஒருவர் இருந்தாரா என்பதே கேள்வி.

எங்கள் பொதட்டூர்பேட்டை நெசவூர். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும்போது இழையோடு இழையைப் பிணைத்துத் தர ஆள் வேண்டும். துணியில் அவர் கைவேலை தெரியாது. அவர் வராத நாளில் தறி நிற்கும். நிரல் எழுதியவரை நாம் போற்றுகிறோம், உரிமத்துக்காக வாதாடியவரை நினைவுகூர்கிறோம். நிறுவியைக் கட்டியவரும் உதவிப் பக்கத்தை நல்ல தமிழில் எழுதியவரும் நம் இலக்கிய வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெற வேண்டாமா? இன்று கைப்பேசியில் தமிழ் தானாகவே வந்துவிடுவதால், அவர்கள் மறக்கப்படுவதும் எளிதாகிவிட்டது.