வண்டிக் கதவின் தாழ்ப்பாள் வந்த கதை

வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? வெளியே இருப்பவன் உள்ளே வராமல் இருக்க. வண்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? உள்ளே இருப்பவர் வெளியே விழாமல் இருக்க. சொன்னால் சின்ன விஷயம்தான். ஆனால் இந்த வித்தியாசம் மோட்டார் உலகத்துக்கு உறைக்க ஐம்பது வருஷம் ஆயிற்று.

முதலில் வந்த கார்கள் குதிரை வண்டியின் வாரிசுகள். உடல் கூட்டைச் செய்தவர்களும் அதே கோச்சு வண்டித் தச்சர்கள்தான். மரச்சட்டம், அதன்மேல் தகரம், கதவுக்கு வீட்டுக் கதவைப்போலவே ஒரு நாக்கு. கைப்பிடியைத் திருப்பினால் நாக்கு உள்ளே போகும். விட்டால் ஸ்பிரிங் தள்ளி, தூணில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்காரும். பத்து மைல் வேகத்துக்கு இது போதும். வேகம் கூடியபோதும் தாழ்ப்பாள் மட்டும் மாறவில்லை.

1930-களில் பல கார்களில் கீல் கதவின் பின்பக்கம் இருந்தது. ஏறி இறங்க வசதி. ஓடும்போது நாக்கு கொஞ்சம் விலகினால் போதும், எதிர்க்காற்று கதவைப் பிடித்து இழுத்துவிடும். கதவை மூடப் போனவரையும் சேர்த்து இழுக்கும். ‘தற்கொலைக் கதவு’ என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்தது இதனால்தான்.

கீலை முன்பக்கம் மாற்றியும் தொல்லை முழுதாகத் தீரவில்லை. மோதலில் வண்டியின் உடல் ஒரு விரற்கடை நீண்டாலும் நாக்கு பள்ளத்திலிருந்து உருவிக்கொள்ளும். நாக்கு குறுக்கே மட்டும்தான் பிடிக்கும். நீளவாக்கில் இழுத்தால் அதற்குப் பிடிமானமே இல்லை.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதில் ஹ்யூ டிஹேவன் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் விமானப் பயிற்சியின்போது இரண்டு விமானங்கள் வானத்தில் மோதின. பலத்த காயத்தோடு பிழைத்தார். ‘நான் ஏன் பிழைத்தேன்?’ என்ற கேள்வி அவரை விடவில்லை. 1942-இல் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காயங்களைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். முதலில் விமானம், 1950-களில் கார். போலீஸாரும் மருத்துவர்களும் அனுப்பிய விபத்து விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு உண்மை வெளியே வந்தது. மோதலில் கதவுகள் சர்வசாதாரணமாகத் திறந்துகொள்கின்றன. வெளியே தூக்கி எறியப்பட்டவர் சாவது, உள்ளேயே இருந்தவரைவிடப் பல மடங்கு அதிகம். அதுவரை ஜனங்கள் நம்பியது நேர் எதிர்: ‘நல்லவேளை, வெளியே விழுந்துவிட்டான், தப்பித்தான்’ என்று.

இதன் பலன் 1956 மாடல்களில் தெரிந்தது. ஃபோர்டு நிறுவனம் அந்த வருஷம் விளம்பரம் செய்த பாதுகாப்பு அம்சங்களில் சீட் பெல்ட்டுக்குத் தனிக் காசு. புதிய கதவுத் தாழ்ப்பாள் மட்டும் எல்லா வண்டிக்கும் உண்டு. கதவும் தூணும் நீளவாக்கிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அமைப்பு அது.

பிறகு சட்டம் வந்தது. 1966 செப்டம்பரில் அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் கீழ் வந்த 206-ஆம் எண் விதி 1968 ஜனவரி 1 முதல் அமலானது. முழுதாகப் பூட்டிய தாழ்ப்பாள் நீளவாக்கில் 2,500 பவுண்டு, அதாவது சுமார் 1,130 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். சரியாகச் சாத்தாமல் பாதி பூட்டியிருந்தாலும் 1,000 பவுண்டு தாங்க வேண்டும். கதவைச் சாத்தும்போது ‘டக்... டக்’ என்று இரண்டு சத்தம் கேட்கிறதே, அது இந்த இரண்டு படிகள்தான். கவை போல் பிளந்த கொக்கி ஒன்று தூணிலுள்ள வளையத்தைக் கவ்விச் சுழலும். பின்னால் ஒரு சின்னத் தடுப்பு இரண்டு பல்லில் விழும். முதல் பல் அரைப்பூட்டு, இரண்டாவது பல் முழுப்பூட்டு.

அதே 1966-இல்தான் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னிபேகோ நிறுவனம் தன் முதல் மோட்டார் ஹோமைச் செய்தது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வீடு. ஆனால் அறுபது மைல் வேகத்தில் ஓடும் வீடு. அதன் வாசல் கதவில் இரண்டு வேலையும் சேர்ந்துவிட்டது. ராத்திரி திருடனைத் தடுக்க வேண்டும், பகலில் குழந்தையை உள்ளே வைத்திருக்க வேண்டும்.

மகன் குடும்பத்தோடு அப்படி ஒரு வண்டியில் போனபோது கதவு ஒழுங்காகப் பிடிக்கவில்லை. பஸ் பணிமனையில் முப்பது வருஷம் இருந்த கை சும்மா இருக்குமா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு ‘டக்’கும் சுத்தமாகக் கேட்டது. அப்படியானால் தாழ்ப்பாளில் குற்றமில்லை, தூணிலுள்ள வளையம்தான் நகர்ந்திருக்கிறது. பழைய இடத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, போல்ட்டைத் தளர்த்தி, ஒரு நூல் உள்ளே தள்ளி முறுக்கினேன். கதவு பிடித்துக்கொண்டது. இரண்டில் ஒரு சத்தம் கேட்காவிட்டால் கதை வேறு. முதலில் பழைய கிரீஸையும் மண்ணையும் துடைத்து எண்ணெய் விட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் பல் தேய்ந்திருக்கும். ஒட்டுப் போடாமல் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. சரிவான இடத்தில் நிறுத்தினால் இவ்வளவு நீள வண்டியின் உடல் லேசாக முறுக்கிக்கொள்ளும் என்பதால், எதையும் தொடுமுன் சமதளத்தில் நிறுத்திப் பார்ப்பது அவசியம்.

நம் ஊரில் வேன் கதவைக் கயிற்றால் கட்டி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ‘இது வெறும் கதவுதானே சார்’ என்பார் டிரைவர். வாகனங்களுக்கு உலகப் பொது விதிகளை வகுக்க 1998-இல் ஜெனீவாவில் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவும் பின்னர் அதில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின் கீழ் 2004-இல் வந்த முதலாம் எண் விதி பிரேக்கைப் பற்றியதல்ல, டயரைப் பற்றியதல்ல. கதவுத் தாழ்ப்பாளைப் பற்றியது. அடுத்த முறை கயிறு கட்டிய வேனில் பேரப்பிள்ளையை ஏற்றும்முன் இதை அந்த டிரைவரிடம் சொல்லுங்கள்.