'ஆனால்' என்ற சொல் எங்கே போனது?

உயர்தரத்தில் அளவையியல் படிக்கும் பிள்ளைகள், வசனங்களைக் குறியீடாக மாற்றப் பழகும்போது ஒரு விசித்திரத்தைக் காண்கிறார்கள். "அவன் ஏழை, ஆனால் நேர்மையானவன்." "அவன் ஏழை, அத்தோடு நேர்மையானவன்." இரண்டுக்கும் ஒரே குறியீடுதான். அப்படி எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் முதல் வசனத்தைக் கேட்கும் ஓர் ஏழையின் முகம் சுருங்குமே, அது எந்தக் குறியீட்டில் வருகிறது?

இருபதாம் நூற்றாண்டில் மெய்யியலாளர் பலர் இரண்டாகப் பிரிந்து நின்று வாதாடியது ஏறத்தாழ இந்தக் கேள்வியில்தான். அன்றாட மொழி பழுதான கருவி, அதற்குப் பதிலாக இலட்சிய மொழி ஒன்று வேண்டும் என்றது ஒரு பக்கம். பழுது மொழியில் இல்லை, நாம் அதைப் பார்க்கும் விதத்தில்தான் என்றது மறுபக்கம். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1879 இல் ஜேர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த கொட்லொப் ஃபிரேகே ஒரு சிறு நூலை வெளியிட்டார். சிந்தனைக்கென்றே அமைத்த குறியீட்டு மொழி அது. கணித நிறுவல்களில் ஓட்டை விழாமல் காப்பதே அவர் நோக்கம். "எல்லோரும் ஒருவரை நேசிக்கிறார்கள்" என்றால், அந்த ஒருவர் ஒரே ஆளா, ஆளுக்கொருவரா? வாய்மொழி மழுப்பும், அவருடைய குறியீடு மழுப்பாது. 'ஆனால்' பற்றியும் அவர் கவனித்தே இருந்தார். அந்தச் சொல் ஒரு சாயலைத் தருகிறதே தவிர, வசனத்தின் உண்மை பொய்யை மாற்றுவதில்லை என்று அதை வெளியே விட்டார். அன்றாட மொழியைக் கண்ணுக்கும் தன் மொழியை நுணுக்குக்காட்டிக்கும் ஒப்பிட்டவரும் அவரே. நுணுக்குக்காட்டி கூர்மையானதுதான். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வீதியைக் கடக்க முடியாது.

1905 இல் இங்கிலாந்தின் பேர்ட்ரண்ட் ரசல் ஒரு புகழ்பெற்ற உதாரணத்தை எடுத்தார். "பிரான்ஸின் இன்றைய மன்னர் வழுக்கைத் தலையர்." பிரான்ஸ் அப்போது குடியரசு. இல்லாத மன்னரைப் பற்றிய இந்த வசனம் உண்மையா, பொய்யா? ரசல் வசனத்தைப் பிரித்தார். மன்னர் ஒருவர் இருக்கிறார், ஒருவர் மட்டுமே இருக்கிறார், அவர் வழுக்கை என்று மூன்று கூற்றுகள் அதற்குள் இருந்தன. முதலாவது பொய், ஆகவே முழுவதும் பொய். இலக்கணம் நம்மை ஏமாற்றலாம், உள்ளே இருக்கும் அளவையியல் வடிவத்தைத் தேட வேண்டும் என்பது இதன் பாடம். 1932 இல் ருடோல்ஃப் கார்னப் இதே வழியில் இன்னும் தூரம் போய், தத்துவ நூல்களின் கனமான வசனங்கள் பல பொருளற்றவை என்றே எழுதினார்.

மறுப்பு 1950 இல் ஒக்ஸ்போர்டிலிருந்து வந்தது. பீட்டர் ஸ்ட்ரோசன் கேட்டது எளிய கேள்வி. யாராவது நம்மிடம் அப்படிச் சொன்னால் "பொய்" என்றா பதில் சொல்வோம்? "பிரான்ஸில் ஏது மன்னர்?" என்றுதானே கேட்போம். அங்கே உண்மை, பொய் என்ற பேச்சே எழவில்லை. ஒன்றைச் சுட்டுவது வசனமல்ல, அதைப் பேசும் மனிதர்தான் என்றார் அவர். 80 வயதைத் தாண்டிய ரசல் 1957 இல் காரமாகவே பதில் எழுதினார்.

இரண்டு பக்கத்திலும் நின்ற ஒருவர் லுட்விக் விட்கென்ஸ்டைன். 1921 இல் வெளிவந்த முதல் நூலில் மெய்யியல் பிரச்சினைகள் சாராம்சத்தில் தீர்ந்துவிட்டதாகக் கருதிய அவர், 1920 முதல் 1926 வரை ஒஸ்திரியக் கிராமங்களில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராக இருந்தார். பிள்ளைகளுக்கென ஒரு சொல் அகராதியும் தொகுத்தார். ஆசிரியர்களாகிய நாம் அவரை மகானாக்கத் தேவையில்லை. அவர் அடித்ததில் ஒரு மாணவன் மயங்கி விழுந்த பிறகுதான் அவருடைய ஆசிரியப் பணி முடிந்தது. அந்த வருடங்கள்தான் அவர் சிந்தனையை மாற்றின என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் இறந்தபின் 1953 இல் வந்த நூல், ஒரு சொல்லின் பொருளை அது வாழ்க்கையில் பயன்படும் விதத்தில் தேடச் சொன்னது.

ஒக்ஸ்போர்டின் ஜே. எல். ஒஸ்டின் 1956 இல் சாக்குப்போக்குகளைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். அதில் வரும் கழுதைக் கதை இது. உங்கள் கழுதையை என்னுடையது என்று நினைத்துச் சுட்டால், அது தவறுதலாக நடந்தது. என் கழுதைக்குக் குறிவைக்கும்போது அது விலகி, குண்டு உங்கள் கழுதையில் பட்டால், அது விபத்தாக நடந்தது. செத்தது ஒரு கழுதைதான். பொறுப்பு ஒன்றல்ல. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேவை கண்டு பிரித்து வைத்த வேறுபாடுகள் பேச்சில் சேர்ந்து கிடக்கின்றன, அவற்றைக் கேட்காமல் புது மொழி செய்யப் போவது அவசரம் என்பது அவர் கருத்து.

யார் வென்றார்கள்? ஃபிரேகேயின் வழிவந்த அளவையியல் இன்று கணினி விஞ்ஞானத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. கணினிக்கு மழுப்பல் விளங்காது. பேசுவதே ஒரு செயல் என்று ஒஸ்டின் காட்டிய வழி மொழியியலுக்கும் சட்டச் சிந்தனைக்கும் போய்ச் சேர்ந்தது. நிறுவலைச் சோதிக்க முன்னது வேண்டும், மனிதரை விளங்கப் பின்னது வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கும்போதுதான் அநீதி நடக்கிறது.

வகுப்பில் யன்னல் கண்ணாடி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை "கைதவறிப் பட்டது" என்கிறது. இன்னொன்று "கண்ணாடி இருந்தது தெரியாது" என்கிறது. மூன்றாவது "கோபத்தில் எறிந்தேன்" என்கிறது. "உடைத்தாயா, இல்லையா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்" என்று நாம் அதட்டினால், மூன்று பேரின் விடையும் ஒன்றாகிவிடும், தண்டனையும் ஒன்றாகிவிடும்.