வாழ்நாள் கமிஷன்

கிழக்கு லண்டனில் கணக்காளராக இருக்கும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மளிகைக் கடைக்காரர்கள், டாக்சி ஓட்டுநர்கள், சிறிய உணவகம் நடத்துபவர்கள். 2000களின் நடுவில் வேறொரு வகையினரும் வரத் தொடங்கினார்கள். கடையோ சரக்கோ வேலையாட்களோ கிடையாது. வீட்டில் ஒரு கணினி இருக்கும். மாதம் பிறந்தால் ஜிப்ரால்டரிலிருந்தோ மால்டாவிலிருந்தோ வங்கிக்குப் பணம் வரும். இணையக் காசினோக்களுக்கு ஆள் சேர்த்துவிடும் தரகர்கள் அவர்கள். அஃபிலியேட் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தத் தொழில் வளர்ந்ததையும் தேய்ந்ததையும் அவர்களுடைய மாதக் கணக்குத் தாள்களில் பார்த்தவன் நான்.

கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா 1994இல் ஒரு சட்டம் இயற்றி, இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுக்க வழி செய்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் முதல் காசினோ தளங்கள் திறந்தன. 1996 ஜூலையில் அமேசான், தன் புத்தகங்களைப் பரிந்துரைக்கும் தளங்களுக்குக் கமிஷன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. காசினோக்களும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. பிரிட்டனில் 2007 செப்டம்பர் வரை தொலைக்காட்சியில் காசினோ விளம்பரம் செய்ய முடியாதிருந்தது. ஆகவே ஆட்டக்காரரை அழைத்துவரத் தரகர் தேவைப்பட்டார்.

புத்தகத் தரகருக்கு ஒரு விற்பனைக்கு ஒரு கமிஷன். அத்தோடு முடிந்தது. காசினோத் தரகருக்கோ, தான் அனுப்பிய ஆள் இழக்கும் பணத்தில் ஒவ்வொரு மாதமும் பங்கு உண்டு. 25 சதவீதம், 30 சதவீதம், பெரிய தரகர் என்றால் 40 சதவீதம் வரைக்கும். ஒப்பந்தங்களில் ‘வாழ்நாள் முழுவதும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வார்த்தையை நம்பி வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதல் பெரிய அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. துறைமுகப் பாதுகாப்பு மசோதா ஒன்றோடு சேர்த்து, இணையச் சூதாட்டத்துக்குப் பணம் செல்லும் வழியை அடைக்கும் சட்டம் நிறைவேறியது. 2006 அக்டோபர் 13 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே, மசோதா நிறைவேறிய செய்தி கேட்டதும், லண்டன் பங்குச் சந்தையில் பார்ட்டிகேமிங் என்ற இணையச் சூதாட்ட நிறுவனத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களை நிறுவனங்கள் கைவிட்டபோது, அவர்களைச் சேர்த்துவிட்ட தரகர்களின் வருமானமும் அதே மாதத்தில் நின்றது.

ஆனால் பிரிட்டனில் தொழிலை மெல்ல அரித்தது வரிதான். 2014 டிசம்பர் 1 முதல், நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும், பிரிட்டனில் இருக்கும் ஆட்டக்காரரிடம் ஈட்டிய லாபத்துக்கு 15 சதவீத வரி வந்தது. 2019 ஏப்ரலில் அது 21 ஆனது. இந்த வரியைத் தரகரின் பங்கிலும் கழிக்கத் தொடங்கினார்கள். சதவீதத்தைக் குறைப்பதாக யாரும் சொல்லவில்லை. ‘நிகர வருவாய்’ எதுவென்ற விளக்கம் மட்டும் ஒப்பந்தத்தில் நீண்டுகொண்டே போனது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆட்டக்காரர் 1,000 பவுண்டு இழக்கிறார். பழைய முறையில் 30 சதவீதம் என்றால் தரகருக்கு 300. புதிய முறையில் முதலில் ஆட்டக்காரருக்கு நிறுவனம் கொடுத்த போனஸ் 200 கழியும். மீதி 800இல் வரிக்கு 168, நிர்வாகச் செலவு என்று 200. எஞ்சுவது 432. அதில் அதே 30 சதவீதம், அதாவது சுமார் 130 பவுண்டு. ஆள் அதே ஆள், இழப்பும் அதே இழப்பு.

இதற்கு மேல் சில விதிகளும் உண்டு. மாதம் இத்தனை புதிய ஆட்களைச் சேர்க்காவிட்டால் பழைய ஆட்களுக்கான பங்கும் குறையும். ஓர் ஆட்டக்காரர் பெரிதாக ஜெயித்துவிட்டால் அந்தத் தொகை தரகர் கணக்கில் கடனாக ஏறி, அடுத்த மாதத்துக்கும் தொடரும். வாடிக்கையாளர்கள் கோபத்தோடு தாளை என் மேசையில் வைத்து, வழக்குப் போடலாமா என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டினால், விதிகளை எப்போது வேண்டுமானாலும் நிறுவனம் மாற்றலாம் என்ற வரி ஆரம்பத்திலிருந்தே அங்கே இருக்கும். பேரேடு முழுக்க நிறுவனத்தின் கையில். யார் எவ்வளவு ஆடினார் என்று சரிபார்க்கத் தரகருக்கு வழியே இல்லை. கணக்கைப் பார்க்கும் உரிமை இல்லாத பங்கைப் பங்கு என்று சொல்ல என் தொழில் எனக்கு இடம் தரவில்லை.

ஒரு தாள் இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆட்டக்காரரிடமிருந்து வந்திருந்தது. பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும். மாதாமாதம் இழப்பு ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு ஒரு மாதம் பூஜ்யம், அதன் பின்னும் பூஜ்யம். கமிஷனை நிறுவனம் அமுக்கிவிட்டது என்று என் வாடிக்கையாளர் கொதித்தார். “அந்த மனிதருக்கு என்ன ஆனதென்று தெரியுமா?” என்று கேட்டேன். அவர் அதை யோசித்திருக்கவில்லை. வீட்டை விற்றாரா, வேலை போயிற்றா, குடும்பம் என்ன ஆயிற்று என்று எங்கள் இருவருக்குமே தெரிந்துகொள்ள வழியில்லை. கமிஷன் வெட்டைப் பற்றி எத்தனை நியாயமான புகார் இருந்தாலும், அது அப்படிப்பட்ட ஒருவரின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற தகராறுதான்.

தரகர்கள் ஆட்களை எப்படி இழுக்கிறார்கள் என்பதை 2017இல் ஊரே பார்த்தது. கடனில் மூழ்கிய ஒருவர், மனைவிக்குக் கடும் நோய், காசினோவில் ஜெயித்து மீண்டார் என்று செய்தி போலவே ஒரு கதையைத் தரகர் ஒருவர் எழுதிப் பரப்பியிருந்தார். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அதைக் கண்டித்தது. பொறுப்பு காசினோ நிறுவனங்களுக்கே என்றும் சொன்னது. அதே காலத்தில் பந்தய நிறுவனமான ஸ்கை பெட் தன் தரகர் திட்டத்தை பிரிட்டனில் மூடிவிட்டது. தரகரால் வரும் லாபத்தைவிட அவரால் வரும் ஆபத்து பெரிது என்று நிறுவனங்கள் எண்ணத் தொடங்கிய காலம் அது. 2025 நவம்பரில் பிரிட்டன் பட்ஜெட்டில், 21 சதவீத வரி 2026 ஏப்ரல் முதல் 40 ஆகும் என்று அறிவித்தார்கள். அந்தச் சுமையும் எங்கே இறங்கும் என்று கணக்கர் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

இங்கே இப்படித் தேய்ந்த தொழிலுக்குத்தான் ‘வாழ்நாள் கமிஷன்’ என்ற அதே வார்த்தையோடு டெலிகிராமில் தமிழ் இளைஞர்களை அழைக்கிறார்கள். ஊரிலிருந்து உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம் விசாரிக்கிறார்கள். தம்பிகளே, வேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில், அவற்றை விளம்பரப்படுத்துபவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.