மும்பைத் தமிழர் இல்லத்து ஒலிப்பெட்டிகள்

மும்பைத் தமிழரின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் வித்துவான்களையும் சபைகளையுமே எழுதுகின்றனர். 1952ஆம் ஆண்டில் சண்முகானந்த சபை தோன்றியதும், 1963இல் அதன் பேரரங்கம் எழுந்ததும், 1990இல் அது தீக்கிரையானதும், பின்னர் மீண்டெழுந்ததும் பலரும் அறிந்த செய்திகள். ஆனால் கச்சேரி முடிந்து வீடு திரும்பிய ரசிகர் மறுநாள் விடியலில் எதன் வழியாக இசை கேட்டார் என்பதை எழுதினாரில்லை. பாடியவர்க்கு வரலாறு உண்டெனில் கேட்டவர்க்கும் உண்டன்றோ?

முதலில் வந்தது வால்வு வானொலி. மாட்டுங்காவின் ஒண்டுக் குடித்தனங்களில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பூவேலை செய்த துணி போர்த்தி அதனை வீற்றிருக்கச் செய்வர். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தி வளர்த்த பிள்ளை அது. அதன் குரலில் ஓர் இதம் இருந்ததெனப் பழையவர் சொல்வர். அவ்விதத்தில் பாதி வால்வுக்கு உரியது, மீதி மரப்பெட்டிக்கு உரியது.

ஒலிபெருக்கி தனிப் பெட்டியாகப் பிரிந்து நின்றது நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு பரவிய காலத்தில்தான். பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களில் தீர்ந்துவிடும்; புதிய தட்டோ இருபது நிமிடங்களுக்கும் மேலாக ஓடும். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம் அவ்வகைத் தட்டாக வெளிவந்ததும் 1963ஆம் ஆண்டே. அதனைச் சிதைவின்றிக் கேட்க வேண்டும் என்னும் ஆசை, மாதச் சம்பளக்காரர் பலரை லாமிங்டன் சாலைக்கு அனுப்பியது. அயல்நாட்டுப் பெட்டிகளுக்கு இறக்குமதித் தடையும் சுங்க வரியும் குறுக்கே நின்றன. ஆகவே காந்தமும் காகிதக் கூம்பும் கூடிய ஒலிபெருக்கியைத் தனியே வாங்கி வந்து, பெட்டியைத் தச்சரிடம் செய்வித்துக்கொண்டனர்.

என் தந்தையார் அவ்வாறு செய்வித்த ஒன்றை நான் அறிவேன். கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் இடந்தலை ஓசைதான் முதலில் பலியாகும். பெட்டி என்பது அவ்விரண்டையும் பிரிக்கும் சுவரே. மின்சுருள் கொண்டு கூம்பை அசைக்கும் முறையை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் செப்பம் செய்தனர். 1954இல் எட்கர் வில்ச்சர், அடைத்த சிறு பெட்டியின் காற்றையே வில்லாகப் பயன்படுத்தி ஆழ்ந்த ஓசையை எழுப்பினார். தந்தையார் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. பழைய தலையணையின் இலவம்பஞ்சை உள்ளே திணித்தார். என் தாயார் ஒரு மாதம் தலையணையின்றி உறங்கினார். அப்பெட்டி பாடத் தொடங்கியதும் அடுத்த குடித்தனத்தார் சுவரைத் தட்டுவர். ஒலியைக் குறைப்பதற்கன்று, கூட்டுவதற்கு.

மும்பையின் மழைக்காலம் காகிதத்திற்குப் பகை. சில ஆண்டுகளில் கூம்பின் விளிம்பு கிழிந்து, தம்பூரா ஒலி வண்டின் இரைச்சலாயிற்று. புதியது வாங்கப் பொருளில்லை. தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் தந்தையாருக்குப் பழக்கம். "அண்ணாச்சி, காகிதம் எத்தனை நாளுக்குத் தாங்கும்? தோல்னா வளைஞ்சு கொடுக்கும்" என்று அவர் சொன்னாராம். ஆட்டுத்தோலை மெல்லியதாகச் சீவி, வளையமாக வெட்டி, கூம்பின் விளிம்பில் ஒட்டித் தந்தார். தொடக்கக் கால ஒலிபெருக்கிகளிலும் விளிம்புக்குத் தோல் பயன்பட்டதுண்டு என்பதைப் பின்னாளில் படித்தபோது, அவரை நினைத்து வியந்தேன்.

பெட்டியை மீட்டுவரச் சென்ற நாளில்தான் அவர் வீட்டு ஒலிப்பெட்டியைக் கண்டேன். அது பெட்டியன்று, பானை! தாராவிக் கும்பார்வாடாவில் சௌராட்டிரக் குயவர் வனைந்த பானையின் வாயில், பழைய சரக்குக் கடையிற் பொறுக்கிய ஒலிபெருக்கியை வானோக்கிக் கவிழாமல் பதித்திருந்தார். ஒலி மேலெழுந்து தகரக் கூரையில் பட்டு அறை முழுதும் வழிந்தது. நாகசுரத் தட்டொன்று ஓடியது. தவிலின் அடி என் நெஞ்சில் விழுந்தது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் இப்பானை முறையைப் பலர் கண்டிருக்கலாம். வளைந்த மண்சுவர் தட்டைப் பலகையைப்போல் எளிதில் அதிராது. அதனால் தன் குரலைப் பாட்டில் அதிகம் கலக்காது. ரோமானியக் கட்டடநூலாசிரியர் விட்ருவியஸ் நாடக அரங்குகளில் வெண்கலக் கலங்கள் வைக்கச் சொன்னார். ஜப்பானியர் தம் 'நோ' நாடக மேடைக்கு அடியில் பானைகளைப் புதைத்தனர். கடத்தை வாத்தியமாகவே கொண்ட நமக்கு இது புதுமையுமன்று.

மாட்டுங்காவின் தேக்குப் பெட்டிக்காரர் ரசிகர் எனப்பட்டார். தாராவியின் பானைக்காரருக்கு அப்பெயரை எவரும் ஈந்ததில்லை. செவியின் கூர்மையில் இருவருக்கும் வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால், தந்தையார் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்தார்.

வளைகுடா நாடுகளிலிருந்து ஒலிநாடாக் கருவிகள் வரத் தொடங்கியபின் தட்டுகள் ஒதுங்கின. குறுந்தகடு வந்ததும் மறைந்தன. பழைய கட்டடங்கள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்தபோது பெட்டிகளும் கழிபொருளாயின. அவற்றுட் பல தாராவியின் பழைய சரக்குக் கிடங்குகளுக்கே சென்று, செம்புக் கம்பி வேறு, காந்தம் வேறு எனப் பிரிக்கப்பட்டன. தோல் பதனிடும் கூடங்களும் அங்கிருந்து நீங்கிவிட்டன. தோற்பொருள் செய்வோர் இருக்கின்றனர்.

எங்கள் பெட்டி இப்போது செம்பூரில் என்னிடம் உள்ளது. சென்ற மழைக்காலத்தில் பலகையின் ஒரு மூலை உப்பிவிட்டது. தோல் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தேன், வளைந்து கொடுத்தது.